இருபது குதிரைவலு எங்கே போகிறது? சிறு விமானங்களில் பெரிய எஞ்சின் பூட்டுவது பற்றி

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 13

நான் தலவாக்கலையைச் சேர்ந்தவன். இரத்மலானையில் விமானமோட்டும் பயிற்சி பெறுகிறேன். நாங்கள் பறக்கும் பழைய செஸ்னா 172 இல் 160 குதிரைவலு எஞ்சின் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு 180 குதிரைவலு எஞ்சினைப் பூட்டினால் வலு 12.5 சதவீதம் கூடும். பறக்கும் வேகமும் ஏறும் வேகமும் அதே அளவுக்குக் கூடும். மலைநாட்டின் மேல் பறக்க விரும்புகிற ஒருவருக்கு இதில் பணச்செலவைத் தவிர வேறு குறை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 13, இரவு

தம்பி, உங்கள் கணக்கு இரண்டு இடங்களில் பிழைக்கிறது. ஓரிடத்தில் இலாபத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள், மற்ற இடத்தில் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

மட்டமாகப் பறக்கும்போது காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வலு 12.5 சதவீதம் கூடினால் வேகம் ஏறத்தாழ 4 சதவீதம்தான் கூடும். 110 நொட்டில் (நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) பறந்த விமானம் 114 நொட்டில் பறக்கும். இரத்மலானையிலிருந்து பலாலி வரை ஏறத்தாழ 180 கடல்மைல். அவ்வளவு தூரம் போனாலும் மிச்சமாவது நான்கு நிமிடத்திற்கும் குறைவு. இறங்கிய பின் கன்ரீனில் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் அந்த இலாபம் தீர்ந்துவிடும்.

ஏறுவது வேறு கணக்கு. விமானத்தை வெறுமனே காற்றில் வைத்திருக்கத் தேவையான வலு போக, எஞ்சியிருப்பதைக் கொண்டுதான் அது ஏறுகிறது. 160 குதிரைவலு எஞ்சினுள்ள 172 'என்' (N) வகையின் கையேட்டில், 2,300 இறாத்தல் முழு எடையுடன், கடல் மட்டத்தில் நிமிடத்திற்கு 770 அடி ஏறும் என்று இருக்கிறது. அந்த எடையை அந்த வேகத்தில் தூக்குவதற்கு ஏறத்தாழ 54 குதிரைவலு செலவாகிறது. அதாவது 160 இல் ஏறுவதற்கென்று உண்மையில் கிடைப்பது இவ்வளவுதான். புதிதாக வரும் 20 குதிரைவலுவில் புரொப்பெல்லர் விழுங்குவதைக் கழித்தால் 15 மிஞ்சும். அந்தப் 15 முழுவதும் 54 உடன் சேர்ந்து 69 ஆகிறது. ஏறும் வேகம் 770 இலிருந்து 980 அடியைத் தாண்டும். இது 12.5 சதவீதமல்ல, ஏறத்தாழ 28 சதவீதம்.

உயரம் கூடக் கூட இது இன்னும் சுவையாகும். சாதாரண பெற்றோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கிறது. நுவரெலியாவின் உயரம் 6,128 அடி. அங்கே 18 சதவீதம் போய்விடும்.

ஜனவரி 14, காலை

நேற்றிரவு எழுதிய கடைசி இரண்டு வரிகளைத் திருத்த வேண்டும். இருபத்தைந்து வருடம் விமான எஞ்சின் வேலை செய்தவன் வெப்பத்தை விட்டுவிட்டேன் என்பது வெட்கந்தான்.

நியம வளிமண்டலக் கணக்கில் (விமானக் கையேடுகள் அடிப்படையாகக் கொள்ளும் சராசரிக் காற்றில்) 6,128 அடி உயரத்தில் வெப்பநிலை 3 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். நுவரெலியாவில் வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் 20 பாகை இருக்கும். கூடுதலான ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்த்தால், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 8,200 அடி உயரம். கிரகரி வாவிக் கரையில் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு நிற்பவருக்குக் குளிர்கிறது. அதே காற்று எஞ்சினுக்குச் சூடான, மெலிந்த காற்று. இழப்பு 18 அல்ல, 25 சதவீதம். 160 அங்கே 120 ஆகவும், 180 அங்கே 135 ஆகவும் நிற்கும்.

இந்த உயரத்தில் பழைய எஞ்சினோடு ஏறும் வேகம் நிமிடத்திற்கு 400 அடிக்குச் சற்றுக் குறைவு. புதியதோடு 550 அடி அளவில் வரும். ஆகவே மலைக்குப் பெரிய எஞ்சின் நல்லது என்ற உங்கள் உள்ளுணர்வில் பிழையில்லை. பிழை வருவது அடுத்த படியில். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 17

அந்த அடுத்த படி இதுதான். செஸ்னா நிறுவனமே பின்னாளில் 180 குதிரைவலு எஞ்சினுடன் 172 எஸ் என்ற வகையை வெளியிட்டது. அதன் கையேட்டைத் திறந்து, கடல் மட்டத்தில் ஏறும் வேகம் என்ன என்று பாருங்கள். நிமிடத்திற்கு 730 அடி. எழுபதுகளின் 160 குதிரைவலு விமானம் 770 அடி ஏறியது. 20 குதிரைவலு கூடிய விமானம் 40 அடி குறைவாக ஏறுகிறது. உச்ச உயர எல்லையும் 14,200 அடியிலிருந்து 14,000 அடியாக இறங்கியிருக்கிறது.

காரணம் எடை. 172 எஸ் இன் முழு எடை 2,550 இறாத்தல். கூடிய 250 இறாத்தலைத் தூக்குவதிலேயே புதிய வலு முழுவதும் தீர்ந்து, பழைய வலுவிலும் கொஞ்சம் சேர்ந்து போய்விட்டது. என் முதற் குறிப்பின் கணக்கையே 2,550 இறாத்தலுக்குக் கையால் போட்டுப் பார்த்தேன். 750 அடி வந்தது. கையேட்டிலிருந்து 20 அடிதான் வித்தியாசம் என்பதால் அந்தக் கணக்கை இனிக் கொஞ்சம் தைரியமாகவே பயன்படுத்துவேன்.

பழைய 172 என் வகைக்கு வெளியில் கிடைக்கும் 180 குதிரைவலு மாற்றுத் தொகுதிகளிலும் இதே ஆசைவார்த்தை உண்டு: முழு எடையை 2,550 ஆக உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் அதைப் பெறுவதற்காக இறக்கை மடிப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகையை) 40 பாகை வரை இறக்கும் வசதியை 30 பாகையோடு நிறுத்திவிட வேண்டும். முழு மடிப்போடு அவ்வளவு எடையில், இறங்கப் போய் மனம் மாறி மீண்டும் ஏறுவது கடினம். குறுகிய ஓடுதளத்தில் மெதுவாக, செங்குத்தாக இறங்க உதவிய அந்தக் கடைசிப் பத்துப் பாகையைக் கொடுத்துவிட்டு மூன்றாவது பயணியை வாங்குகிறோம். மட்டக்களப்பில் இறங்குபவருக்கு அது நல்ல வியாபாரமாக இருக்கலாம். தியத்தலாவையை நினைத்துக்கொண்டு கேட்பவருக்கு அல்ல.

ஜனவரி 21

என் கையால் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். எந்தக் கூடம், யாருடைய விமானம் என்பது வேண்டாம்.

தொகுதி பெட்டியில் வந்தது: எஞ்சின், தாங்குசட்டம், புகைபோக்கி, புதிய புரொப்பெல்லர், துணை வகைச் சான்றிதழின் (விமானத்தின் மூல வடிவமைப்பை மாற்ற அனுமதிக்கும் ஆவணத்தின்) பிரதிகள். பூட்டும் வேலையை மூன்று பேர் இரண்டு வாரத்தில் முடித்தோம். கடதாசி வேலைக்கு அதைவிட நீண்ட காலம் போயிற்று; அமெரிக்காவில் அங்கீகரித்த மாற்றம் என்பதற்காக அது நம் நாட்டில் தானாகச் செல்லுபடியாகிவிடாது, நம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு விமானத்தை மூன்று தராசுகளின் மேல் ஏற்றி நிறுத்தோம். மூக்குப் பக்கம் கனம் கூடியிருந்தது. இறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க முன்னைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும் என்று விமானியிடம் சொன்னோம். அவர் தலையாட்டினார், முதல் இறக்கத்தில் மறந்துவிட்டார்.

முதற் சோதனைப் பறப்பிலிருந்து திரும்பியவர் சொன்ன செய்தி: மூன்றாம் சிலிண்டரின் தலை வெப்பம் மற்றவற்றை விட மிகவும் அதிகம், ஏறும்போது மேலும் ஏறுகிறது. ஊசி பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். உணரியை இடம் மாற்றிப் பூட்டினோம். வெப்பம் இடம் மாறவில்லை. மூன்றாம் சிலிண்டரில்தான் நின்றது. எரிபொருட் கலவையைப் பார்த்தோம், பற்றவைக்கும் நேரத்தைப் பார்த்தோம். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மாலை, கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, மேல்மூடியின் கீழே கைவிளக்கை வைத்து, எண்ணெய் ஊற்றும் சிறு கதவு வழியாக உள்ளே பார்த்தேன். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத் தடுப்பின் விளிம்பில் ஒரு இறப்பர்ப் பட்டை ஓடும். அது மூக்குப் பக்கமாக வளைந்து நின்றால், உள்ளே வரும் காற்றின் அழுத்தமே அதை மூடியோடு ஒட்டவைக்கும். ஒரு சாண் நீளத்திற்கு அது பின்பக்கமாக மடிந்து கிடந்தது. மூடியைக் கழற்றியபோது, மடிந்த இடத்தில் இறப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது. சிலிண்டர்களுக்கு நடுவே இறங்க வேண்டிய காற்று அந்த இடைவெளியால் மேலோடு ஓடிப் போய்க்கொண்டிருந்தது. மூடியை மூடியபோது பட்டையை மடக்கிவிட்டவன் நான்தான். பழைய எஞ்சினில் அது மடிந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது; அதற்குக் காற்று மிச்சமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

பெரிய எஞ்சின் கூடுதல் வலுவோடு கூடுதல் வெப்பத்தையும் தருகிறது. ஆனால் காற்று நுழையும் இரண்டு துவாரங்களும் அதே பழைய அளவுதான். எஞ்சினைச் செய்யும் லைக்கோமிங் நிறுவனம் தரும் சிலிண்டர்த் தலை வெப்ப எல்லை 500 பாகை பரனைற்று. அந்த எல்லைக்கு அருகே நெடுநேரம் ஓடும் சிலிண்டர் தன் முழு ஆயுளைக் காணாது. மலைநாட்டில் நாம் செய்வது என்ன? முழு வலுவில், குறைந்த வேகத்தில், நீண்ட நேரம் ஏறுவது. குளிர்விக்கும் காற்று மிகக் குறைவாகக் கிடைக்கும் நேரமும் அதுவே.

என் தகப்பனார் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) எஞ்சின் பார்த்தவர். அங்கே பழையதை எடுத்துவிட்டுப் பெரிய எஞ்சினை வைத்த ஆண்டில், உருளைகளை ஓட்டும் நெடுந்தண்டின் பேரிங்குகள் ஒவ்வொன்றாகச் சூடேறின. எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை. இரவு வீட்டுக்கு வரும்போது அவருடைய உள்ளங்கை சிவந்திருக்கும்; சூட்டைக் கையால்தான் பார்ப்பார்.

ஜனவரி 22

மேலே சொன்ன விமானத்தின் உரிமையாளர் வேலை முடிந்ததும் கேட்ட முதற் கேள்வி, இனி எத்தனை பேரை ஏற்றலாம் என்பது. எவ்வளவு விரைவாக ஏறும் என்று கடைசி வரை கேட்கவில்லை.

பெப்ரவரி 3

எரிபொருள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 75 சதவீத வலுவில் 172 என் மணிக்கு ஏறத்தாழ 8.4 அமெரிக்கக் கலன் குடிக்கும். 180 குதிரைவலு எஞ்சின் 10 கலன் அளவில் குடிக்கும். தாங்கியில் பயன்படக்கூடியது 40 கலன் என்றால், நாலே முக்கால் மணி நேரப் பறப்பு நாலு மணியாகக் குறைகிறது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்த நாட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இதைக் குறையாக மட்டும் எழுதினால் நியாயமாகாது. பெரிய எஞ்சினைப் பழைய வேகத்துக்கே இழுத்து வைத்தால், அதே வலு, ஏறத்தாழ அதே எரிபொருள். குடிப்பது எஞ்சின் என்பதைவிட விமானியின் வலது கை என்பதே சரி. வலுவைக் கூட்டும் பிடியை முன்னே தள்ளியே வைத்திருக்கும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

172 என் உரிமையாளர்கள் எஞ்சினை மாற்றுவதற்கு, வலுவோடு தொடர்பில்லாத வேறொரு காரணமும் உண்டு. 1977 இலிருந்து அந்த வகையில் வந்த லைக்கோமிங் ஓ-320-எச்2ஏடி எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்தண்டும் தள்ளிகளும் அரிக்கும் நோய் இருந்தது. அதோடு, பற்றவைக்கும் பொறியைத் தரும் இரண்டு மெக்னீற்றோக்களும் ஒரே பெட்டிக்குள், ஒரே அச்சில் ஓடின. ஒன்று நின்றால் மற்றது காப்பாற்றும் என்ற ஏற்பாட்டின் பாதிப் பொருள் அதிலேயே போய்விடுகிறது. அப்படிப்பட்ட எஞ்சின் ஆயுள் முடிந்து முழுப் பழுதுபார்ப்புக்கு வரும்போது, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 180 க்குப் போவது விவேகம் என்பேன். நல்ல நிலையில் ஓடும் எஞ்சினைக் கழற்றிவிட்டு மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பெப்ரவரி 4

பெரிய எஞ்சின் வந்தால் பயிற்சிக் கட்டணம் குறையுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரித்தேன், பதில் அவ்வளவுதான்.

பெப்ரவரி 11

மலைநாட்டில் எஞ்சினை விட எனக்குப் பயம் தருவது பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் தேயிலை மலை, முன்னே நிலம் எழும்பிக்கொண்டே போகிறது, மேகம் மேலே மூடியிருக்கிறது. திரும்பி வர வேண்டும். 30 பாகை சரிந்து 90 நொட்டில் திரும்பினால் திருப்பத்தின் ஆரை ஏறத்தாழ 380 மீற்றர். முழுதாகத் திரும்பி வர 760 மீற்றர் அகலம் வேண்டும். 110 நொட்டில் அதே சரிவில் ஆரை 565 மீற்றர், அகலம் 1,130 மீற்றர். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் தேவைப்படும் இடம் பாதியளவு கூடிவிடுகிறது. மேலும், உயரமான இடங்களில் கருவி காட்டும் வேகத்தை விட உண்மை வேகம் அதிகம் என்பதால் இந்த எண்கள் இன்னும் மோசமாகும்.

பெரிய எஞ்சின் உள்ளவர் பள்ளத்தாக்கினுள் அதிக வேகத்தில் நுழைகிறார். மேலே ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையில் இன்னும் சற்று உள்ளே போகிறார். சின்ன எஞ்சின் உள்ளவர் வாசலிலேயே பயந்து திரும்புகிறார். வலு கூடுவதால் வரும் துணிச்சல் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை, ஆனால் அதுவும் ஒரு சுமைதான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஏழு கன்னியர் மலை தெரியும். 1974 டிசம்பர் 4 இரவு மாட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அங்கே மோதி 191 பேர் இறந்தார்கள். நான்கு ஜெற் எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாக எடுத்துக்கொண்டார்கள். சிறு விமானத்தோடு அதை ஒப்பிடுவது சரியல்ல என்று நீங்கள் சொல்லலாம், நானும் ஒப்பிடவில்லை. எஞ்சினைப் பற்றி மட்டும் இவ்வளவு எழுதிய பிறகு அந்த மலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெப்ரவரி 20

பணம் செலவழிக்காமல் கிடைக்கும் வலுவைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். இரத்மலானை கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே பழகிய கை, புறப்படும்போது பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிவப்புக் கலவைக் குமிழை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு அதை மறந்துவிடும். அதே பழக்கத்தோடு மெலிந்த காற்றில் முழு வலுவைக் கேட்டால், எஞ்சின் தேவைக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடித்துத் திணறும். உயரமான இடத்தில் முழு வலுவில் நிறுத்திவைத்து, எஞ்சினின் சுற்றைக் காட்டும் சுழற்சிமானி உச்சத்திற்கு வரும்வரை குமிழை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். ஊசி ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது புரொப்பெல்லர். செஸ்னா 172 ஆர் வகையிலும் 172 எஸ் வகையிலும் இருப்பது ஒரே ஐஓ-360-எல்2ஏ எஞ்சின். முதலாவது நிமிடத்திற்கு 2,400 சுற்றில் 160 குதிரைவலு தருகிறது, இரண்டாவது 2,700 சுற்றில் 180 தருகிறது. 172 ஆர் வைத்திருப்பவர் எஞ்சினைத் தொடாமல், புரொப்பெல்லரையும் சுழற்சிமானியின் குறிகளையும் ஆவணங்களையும் மாற்றி 180 க்குப் போக நிறுவனமே வழி செய்திருக்கிறது. 172 என் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஆனால் ஏறுவதற்கு ஏற்ற, திருகு (இதழ்களின் சரிவு) குறைந்த புரொப்பெல்லரைப் போட்டுக்கொள்ளலாம். மட்டப் பறப்பில் சில நொட் போகும், ஏற்றத்தில் கிடைக்கும். லொறிக்காரர் கினிகத்தேனை ஏற்றத்தில் கியரைக் குறைப்பது போன்றதுதான். விமானத்தில் அதைத் தரையிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

மார்ச் 2

டீசல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செஸ்னா 172 க்குத் தீலேர்ட் நிறுவனம் செய்த 135 குதிரைவலு டீசல் எஞ்சின் ஜெட் ஏ-1 இல் ஓடும். எண்ணைப் பார்த்தால் சிறியது. ஆனால் அதில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டேர்போ இருப்பதால் பல ஆயிரம் அடி உயரம் வரை வலு குறையாது. ஜனவரி 14 குறிப்பின்படி, 180 குதிரைவலு பெற்றோல் எஞ்சினுக்கு நுவரெலியாவில் மிஞ்சுவது 135. கடல் மட்டத்தில் தோற்கும் சின்ன எஞ்சின் நம் ஊரில் சமமாக நிற்கிறது.

அதற்கும் விலை உண்டு. எஞ்சின் கனம், குளிர்விக்கும் நீர்த்தொட்டி வேறு, ஆரம்ப வகைகளில் 300 மணிக்கொரு தடவை கியர்ப்பெட்டி மாற்ற வேண்டியிருந்தது. 2008 இல் அந்த நிறுவனம் கடனில் முறிந்தது. பாகங்களுக்காகக் காத்திருந்த விமானங்கள் தரையில் நின்றன. தொழில்நுட்பம் பின்னர் கொன்டினென்டல் என்ற எஞ்சின் நிறுவனத்தின் கைக்குப் போய், இன்றும் எஞ்சின் வருகிறது. நல்ல எஞ்சின்தான். ஆயினும் நம் தீவில் ஒரேயொரு விமானத்துக்காக அதை வாங்குபவருக்கு முதலில் தேவை உதிரிப்பாக அலுமாரி.

மார்ச் 9

பெரிய எஞ்சினை மிக ஒழுக்கமாகப் பயன்படுத்துவதை நான் பார்த்தது மாலைதீவில், இரண்டு வருடம் வேலை செய்தபோது. ட்வின் ஒட்டர் மிதவை விமானத்தின் 300 வகையில் இருப்பது பிடி6ஏ-27 எஞ்சின், 400 வகையில் பிடி6ஏ-34. பின்னையது 750 குதிரைவலு தரக்கூடியது. சாதாரணப் புறப்பாட்டில் இரண்டு வகை எஞ்சினையும் 620 உடன்தான் நிறுத்துகிறார்கள். மிஞ்சியதைப் பையில் போட்டுக்கொள்வதில்லை. வெப்பத்திலும் உயரத்திலும் சின்ன எஞ்சின் 620 ஐத் தர முடியாமல் இறங்கும் இடத்தில், பெரியது இன்னும் 620 இல் நிற்கும். நீங்கள் கேட்ட 20 குதிரைவலுவையும் நான் இப்படித்தான் பயன்படுத்துவேன்: எஞ்சினை மாற்றுங்கள், 2,300 இறாத்தலை மாற்றாதீர்கள்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் செஸ்னா காரவான் மிதவை விமானத்தை இங்கிருந்து பார்க்கலாம். அதன் எஞ்சின் 675 குதிரைவலு. இந்த மாதம் இரண்டு தடவை கரையில் நின்று, முழு வலு கொடுக்கும் ஓசையிலிருந்து மிதவைகள் நீரை விடும் வரை விநாடிகளை எண்ணினேன். காலை எட்டு மணிக்கு 24. பிற்பகல் ஒன்றரைக்கு, காற்று அசையாத வெயிலில், 33. இதை வைத்து வெப்பத்தின் கணக்கை உங்களுக்குக் காட்டலாம் என்று உற்சாகமாகத் திரும்பினேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது: இரண்டு தடவையும் உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பது எனக்குத் தெரியாது.